ஒரு பிரதி, ஒரு வாசகர் – 14: நாலாவது தட்டு

அம்மா கேட்டது காதில் விழாதவள்போல் பெரியவள் குனிந்து செருப்பை மாட்டினாள்.

“சின்னவன்கிட்ட பேசினியா, இல்லையா?”

“எங்கம்மா நேரம்? இன்னைக்கு மூணு மணிக்கு விசாரணை.”

“எட்டு நாளாவா விசாரணை?”

அம்மாவிடம் இதுதான் தொல்லை. முப்பது வருஷம் தலையில் செங்கல் சுமந்தவள். கல்லை இறக்குவதுபோலத்தான் பேச்சையும் இறக்குவாள். காலை நகர்த்திக்கொள்வது எதிரே நிற்பவர் பாடு. பெரியவள் நூலகராக இருக்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கும் அவள் கல் ஏற்றியிருக்கிறாள். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. இன்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து பெரியவள் மடமடவென்று படியிறங்கினாள்.

எட்டு நாளைக்கு முன் தம்பியின் வெல்டிங் பட்டறையில் அந்தத் தாளைப் பார்த்தாள். ‘பொது நூலகம் என் புத்தகத்தை மின்பிரதியாக இரவல் கொடுத்ததால் எனக்குத் தீங்கு நேர்ந்தது.’ கீழே தம்பியின் கையெழுத்து. பக்கத்தில் பதிப்பாளரின் முத்திரை. வந்த கோபத்தில் குடையைக்கூட எடுக்காமல் மழையில் நடந்தாள். குடை இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

எல்லாம் ஒரு சட்டத் திருத்தத்தால் வந்தது. மறுபதிப்பு வராமல் கிடக்கும் புத்தகங்களை நூலகங்கள் ஸ்கேன் செய்து இரவல் தரலாம் என்கிறது பதிப்புரிமைத் திருத்தத்தின் பதினோராம் பிரிவு. நிபந்தனை ஒன்றுதான்: ஒரு அச்சுப் பிரதிக்கு ஒரு வாசகர். மின்பிரதி ஒருவர் கையில் இருக்கும்வரை அச்சுப் பிரதி பூட்டிய அலமாரியை விட்டு அசையக் கூடாது. அந்தப் பிரிவையே வெட்டச் சொல்கிறது பதிப்பாளர் சங்கம். வெட்டினால், சோதனை அனுமதியில் நான்கு வருஷமாக இவள் நூலகம் ஸ்கேன் செய்த நாலாயிரம் புத்தகங்களையும் அழித்தாக வேண்டும்.

நூலகங்களின் சார்பில், அந்தத் திருத்தத்தை விசாரிக்கும் குழுவின் முன் பேசப் போகிறவள் அவள். ‘எங்கள் நூலகத்தில் இந்த நிபந்தனை ஒருமுறைகூட மீறப்படவில்லை’ என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

நூலக வாசலிலேயே சாவி நின்றிருந்தார். பூட்டு அறையின் பொறுப்பாளர். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் வந்த பெயர்; சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர் அவருக்கே சட்டென்று ஞாபகம் வராது.

“மேடம், குழு ஆபீஸ்லேர்ந்து கடிதம். இப்பதான் வந்துச்சு.”

இரண்டே வரி. ‘பதிப்பாளர் சங்கத்தின் கோரிக்கையை ஏற்று, பட்டறை வெல்டிங் என்னும் நூலின் அச்சுப் பிரதியை இன்று பிற்பகல் அமர்வுக்கு நேரில் கொண்டுவர வேண்டியது.’

நாலாயிரம் புத்தகங்களில் அந்த ஒன்று. தம்பி எழுதியது.

இருவரும் பூட்டு அறைக்குப் போனார்கள். ஏழாம் அலமாரி, நாலாவது தட்டு. ஒரு குழாய் வேலை நூலும் ஒரு மோட்டார் பழுது நூலும் நடுவில் ஆளில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. ஒரு விரல் அகலச் சந்து. ஏழு மாதமாக அப்படித்தான் இருக்கிறது. சாவிக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள்தான் அந்தப் புத்தகத்தை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் டப்பாவுக்கு அடியில் வைத்துத் தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுத்தவள். ரெண்டே நாள் என்று சொல்லி வாங்கினான். ரெண்டு நாளுக்கு எதற்குப் பதிவு என்று இவளும் விட்டுவிட்டாள். அன்றைக்கு மின்பிரதி ஒரு வாசகர் கையில் இருந்தது. வரிசையில் முப்பத்தொரு பேர் காத்திருந்தார்கள்.

சாவி தொண்டையைக் கனைத்தார்.

“பைண்டிங்குக்குப் போயிருக்குன்னு ஒரு சீட்டு எழுதியிருக்கேன். போன மாசத் தேதி. நீங்க கையெழுத்துப் போட்டா போதும்.”

“அண்ணே...”

“நாலாயிரம் புஸ்தகம் மேடம். ஒண்ணுக்காக எல்லாத்தையும் குழியில தள்ள முடியுமா? நான் ஒண்ணும் சொர்க்கத்துக்கு டிக்கெட் வாங்கி வெக்கலை. எனக்குப் பரவாயில்லை.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சீட்டை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினாள்.

*

தம்பி ஒரு இரும்புக் கதவின் மூலையைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். நீலத் தீ கண்ணைக் குத்தியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள். தீ அணைந்ததும் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தான்.

“குடைக்கா வந்தே? அதோ தொங்குது.”

“புக்கைக் குடுடா.”

“எந்த புக்கு?”

“விளையாடாதே. குழு கேட்குது. மூணு மணிக்கு அது என் கையில இருக்கணும்.”

அவன் கையுறையைக் கழற்றி ஒவ்வொன்றாக மேசைமேல் போட்டான். அவசரமே இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கோபம் ஏற ஏற வேகம் குறையும்.

“அறுபத்திரண்டாம் பக்கம் சரியாயிடுச்சா அக்கா?”



அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு அட்டவணை. கேஸ் தீயால் இரும்பை வெட்ட எந்த சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் வைக்க வேண்டும் என்பது. அச்சில் தலைப்புகள் இடம் மாறிவிட்டன. ஆக்சிஜனுக்கு உரிய மூன்று கிலோ அழுத்தம், எரிவாயுவான அசிட்டிலீனுக்கு நேரே நிற்கிறது. அசிட்டிலீன் ஒரு கிலோவைத் தாண்டினாலே ஆபத்து. நெருப்பு வேண்டாம், தானே வெடிக்கும். தொழில் தெரிந்தவன் பார்த்த உடனே சிரித்துவிட்டுச் சரியாக வைப்பான். ஆனால் புத்தகம் தெரிந்தவனுக்காக எழுதியதல்ல.

ஏழு மாதத்துக்கு முன் இரும்பு கேட் செய்கிற ஒருவர், முழங்கை வரை கட்டுப் போட்டுக்கொண்டு இந்தப் பட்டறைக்கு வந்தார். மற்றக் கையில் போன். போனில் அந்தப் பக்கம். நூலகத்தின் மின்பிரதி.

“நீங்கதானே எழுதினது?” என்று மட்டும் கேட்டாராம். திட்டவில்லையாம். அதைத்தான் தம்பியால் தாங்க முடியவில்லை.

அன்று மாலையே அக்காவிடம் ஓடி வந்தான். அவனிடம் இருந்த பிரதிகள் பட்டறைக் கூரை ஒழுகிக் கூழாகிவிட்டன. அதனால்தான் நூலகப் பிரதியைக் கேட்டு வாங்கினான், முழுதும் திருத்த.

“ஸ்கேன்ல அந்தப் பக்கத்தை மாத்துக்கான்னேன். நீ என்ன சொன்னே?”

“பிரதி எடுக்கத்தான் எங்களுக்கு அனுமதி. ஒரு புள்ளியைக்கூட மாத்த உரிமை இல்லை. அது பதிப்பாளர்கிட்ட இருக்கு.”

“எழுதினவன் நான்.”

“உரிமையை எழுதிக் குடுத்தவனும் நீதான்டா.”

“சரி. எச்சரிக்கைன்னு ஒரு வரி போட்டியே, அது எங்கே போச்சு?”

அது போய் இரண்டு மாதமாகிறது. புத்தகத்தில் நூலகம் கை வைக்கிறது என்று பதிப்பாளரின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். விசாரணை முடியும்வரை எடுத்துவிடுங்கள், வீணாக வாயைக் கொடுக்க வேண்டாம் என்று நூலகச் சங்கமே சொன்னது. அவளே எடுத்தாள்.

“எச்சரிக்கை வேண்டாம்னா புக்கையே நிறுத்தியிருக்கலாமே? ஒரு பட்டனை அமுக்க எவ்வளவு நேரம் ஆகும்?” தம்பியின் குரல் இன்னும் மெதுவானது. “ஏன் நிறுத்தலைன்னு எனக்குத் தெரியும். உன் பிரமாணப் பத்திரத்துல முதல் வரியே என் புக்குதான். இத்தனை பேர் படிச்சாங்க, இத்தனை பேர் காத்திருக்காங்கன்னு. என்னைக் காட்டித்தானே கேஸை ஜெயிக்கப் போறே?”

அவள் கைப்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“பதிப்பாளர் திருத்தி மறுபதிப்பு போடறேன்னு எழுதிக் குடுத்திருக்கான். இன்னைக்கு வந்து ரெண்டு வார்த்தை சொன்னா போதுமாம். அந்தப் பக்கத்தைத் திருத்தச் சொல்லி ஒன்பது வருஷமா கடுதாசி போட்டேன். ஒருத்தன் திரும்பிப் பார்க்கலை. நீ வம்புக்குப் போனதும் திரும்பிப் பார்க்கறான்.”

“அந்த புக்குல நம்ம நூலகத்தோட முத்திரை இருக்குடா. அது உன்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சா நான் பொய்ச் சத்தியம் பண்ணினவ ஆயிடுவேன்.”

“பண்ணலையா?”

வெளியே யாரோ தகட்டைப் போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். பல் கூசியது.

“புக்கைத் தர மாட்டேன். நானே கொண்டு வரேன்.” முகமூடியை இறக்கினான். “குடையை எடுத்துட்டுப் போ. மழை வரும்.”

அவள் எடுக்கவில்லை.

*

விசாரணை அறையில் மேசைகள் லாட வடிவில் போடப்பட்டிருந்தன. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு மைக். பேசும்போது சிவப்பு விளக்கு எரியும். குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி, ஒல்லியான பெண்மணி, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். பதிப்பாளர் சங்கத்துக்காக ஒரு வக்கீல். அவர் பக்கத்தில் தம்பியின் பதிப்பாளர் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பின் வரிசையில் அம்மா. யாரும் கூப்பிடவில்லை. வந்திருந்தாள். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளித் தம்பி, மடியில் ஒரு துணிப்பொட்டலத்தோடு.

பெரியவள் நாற்பது நிமிஷம் பேசினாள். நன்றாகவே பேசினாள். கடைகளில் கிடைக்காத பாடப் புத்தகங்களைச் சொன்னாள். பார்வையில்லாதவர்களுக்குக் குரலாக மாற்றிக் கொடுத்ததைச் சொன்னாள். படியேற முடியாமல் படுக்கையில் இருந்தபடி படிப்பவர்களைச் சொன்னாள். தலைவர் இரண்டு முறை தலையசைத்தார். ஒரு உறுப்பினர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். கரையேறிவிடலாம் என்று அவளுக்கே தோன்றியது.

வக்கீல் எழுந்தார்.

“ஒரே கேள்விதான். இன்னைக்குக் கொண்டுவரச் சொன்ன அச்சுப் பிரதி எங்கேம்மா?”

கை தானாகக் கைப்பைக்குள் போனது. சாவியின் சீட்டு விரலில் பட்டது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பேனாவும் பக்கத்திலேயே கிடந்தது.

“கொண்டு வரலை” என்றாள்.

“ஏன்?”

“அலமாரியில இல்லை.”

வக்கீல் அவசரப்படவில்லை. இதற்காகத்தான் காத்திருந்தவர்போல் பின் வரிசையைப் பார்த்தார். “நூலாசிரியரே இங்கே இருக்கார். அவரை அழைக்கிறேன்.”

தம்பி முன்னால் வந்தான். குளித்துவிட்டு வந்திருக்கிறான், ஆனாலும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் புத்தகத்தை மேசைமேல் வைத்தான். பக்கத்துக்குப் பக்கம் நீல மையில் திருத்தங்கள். தன் புத்தகத்துக்கு என்ன ஆனது என்று கேட்பார்கள், அறுபத்திரண்டாம் பக்கத்தைக் காட்டலாம் என்று விரலை அங்கே நுழைத்து வைத்திருந்தான்.

வக்கீல் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. முதல் பக்கத்தைத்தான் புரட்டினார்.

“இது யாரோட முத்திரை?”

“நூலகத்தோடது.”

“மின்பிரதி ஊரெல்லாம் ஓடிக்கிட்டு இருக்கு. அப்ப இது பூட்டுக்குள்ள இருக்கணும். உங்க கைக்கு எப்படி வந்துச்சு?”

தம்பி பதிப்பாளரைப் பார்த்தான். அவர் இருமினார். போன வாரம் திருத்தங்களைப் பார்க்கிறேன் என்று வாங்கிப் புரட்டியவர் அவர்தான். எதைப் பார்த்தார் என்பது இப்போதுதான் தம்பிக்கு உறைத்தது. தன்னைக் கூப்பிட்டது தன் புத்தகத்துக்காக இல்லை.

பேச்சு மெதுவாக வந்தது.

“நான்தான் எடுத்தேன்.”

“யார் குடுத்தாங்க?”

“யாரும் குடுக்கலை. அக்காவைப் பார்க்கப் போனப்போ அலமாரி திறந்திருந்துச்சு. எடுத்துட்டேன்.”

“அதாவது, திருடினீங்க?”

“அப்படியே வெச்சுக்குங்க.”

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பெரியவள் அசையாமல் இருந்தாள். சீட்டுகூடத் தேவையில்லை இப்போது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். உள்ளே நுழைந்த ஒருவன் திருடிவிட்டான். நூலகம் என்ன செய்யும்? பிரிவு பிழைக்கும். நாலாயிரமும் பிழைக்கும். தம்பி திருடன் ஆவான், அவ்வளவுதான். அவன் சம்மதித்தே ஆகிறான்.

திரும்பிப் பார்த்தாள். அம்மாவுக்கு இந்தச் சட்டம் ஒன்றும் புரியாது. ஆனால் ‘திருடினீங்க’ என்ற சொல் புரிந்துவிட்டது. கட்டட வேலையில் சிமெண்ட் மூட்டை குறைந்தபோதெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்டு, முந்தானையை உதறிக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவள். இப்போது மகனை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் மைக்கை அமுக்கினாள்.

“அவன் எடுக்கலை. நான் குடுத்தேன்.”

“அக்கா, சும்மா இரு!”

“நீ சும்மா இருடா.” அவள் தலைவரின் பக்கம் திரும்பினாள். “ஏழு மாசம் ஆச்சு. பதிவு பண்ணலை. பிரமாணப் பத்திரத்துல நான் எழுதினது பொய்.”

வக்கீல் உட்கார்ந்தார். அவர் வேலை முடிந்துவிட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏன் கொடுத்தீங்க?”

அவள் அறுபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் தள்ளினாள். சொன்னாள். தலைப்பு மாறியதை, கட்டுப் போட்ட கையை, எச்சரிக்கை வரியைப் போட்டதை, எடுத்ததை.

“இவ்வளவு தெரிஞ்சும் அந்த மின்பிரதியை ஏன் நிறுத்தலை?”

இந்தக் கேள்வியைக் காலையில் பட்டறையிலேயே கேட்டாகிவிட்டது. அங்கே பதில் சொல்லாதவள் இங்கே சொன்னாள்.

“அதுக்குத்தான் வரிசை நீளமா இருந்துச்சு. அந்த எண்ணிக்கையை உங்ககிட்ட காட்ட வேண்டியிருந்தது.”



தலைவர் அட்டவணையை வெகுநேரம் பார்த்தார். பிறகு பதிப்பாளரை.

“உங்களுக்கு இது எப்போ தெரியும்?”

“எழுத்துப்பூர்வமா எதுவும்...”

தம்பி புத்தகத்தின் பின்னட்டைக்குள் கைவிட்டான். ஒன்பது ஒப்புகைச் சீட்டுகள், வருஷத்துக்கு ஒன்றாக. பதிவுத் தபாலில் போனவை. மேசைமேல் வரிசையாக வைத்தான்.

பதிப்பாளருக்கு இருமல்கூட வரவில்லை.

“புத்தகமும் சீட்டுகளும் குழுவின் பொறுப்பில் இருக்கட்டும்” என்றார் தலைவர். “பதிப்பாளர் திங்கட்கிழமை அந்தக் கடிதங்களைக் கொண்டு வரணும். நூலகரின் பிரமாணப் பத்திரம் பற்றித் தனியாக விசாரிப்போம். வரும்போது வக்கீலோட வாங்கம்மா. அதுவரை உங்க மின் இரவல் முழுக்க நிறுத்தப்படுது. இன்னைக்கே.”

நாலாயிரமும்.

*

வராந்தாவில் மூவரும் நின்றார்கள். எதிர்பார்த்த மழை வரவில்லை. தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“மறுபதிப்பும் போச்சு, உன் வேலையும் போச்சு. நான் ஒழுங்கா முடிச்சு வெச்சதை நீ ஏன் கெடுத்தே?”

“திருடன்னு பேர் வாங்கறது ஒழுங்காடா?”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க” என்றாள் அம்மா. “அந்தப் பக்கம் பக்கம்னு சொன்னீங்களே, அதை இப்ப யாரு படிச்சிட்டிருக்கா?”

பெரியவள் போனை எடுத்துச் சாவியை அழைத்தாள்.

“குழு ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு, நிறுத்திட்டேன் மேடம்” என்றார் அவர். “புதுசா யாரும் எடுக்க முடியாது. ஏற்கெனவே இறக்கி வெச்சவங்க கையில இருக்கறதைப் பிடுங்க முடியாது. கெடு முடியற வரைக்கும் திறக்கும்.”

“வெல்டிங் புக்கு?”

விசைப்பலகை தட்டும் சத்தம். “ஒருத்தர்கிட்ட இருக்கு. முந்தாநாள் எடுத்திருக்கார். இன்னும் பன்னிரண்டு நாள்.”

“நம்பர் சொல்லுங்க.”

சாவி தயங்கினார். எந்த வாசகர் எதைப் படிக்கிறார் என்பது நூலகத்தைத் தாண்டி யாருக்கும் போகக் கூடாது. அந்த விதியை எழுதி வாசலில் மாட்டியவளே அவள்தான். பக்கத்தில் தம்பி நிற்கிறான்.

“நான்தான் கூப்பிடறேன் அண்ணே. சொல்லுங்க.”

எண்ணைத் தட்டினாள். எட்டு முறை மணி அடித்தது. ஒன்பதாவதில் எடுத்தார்கள். முதலில் குரலே கேட்கவில்லை. ஒரு சீறல்தான் கேட்டது, குழாய்வாயிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வருவதுபோல.

“ஹலோ? சத்தமா பேசுங்க. கேஸ் திறந்திருக்கு.”

பெண் குரல். இளைய குரல்.

“நான் நூலகத்துலேர்ந்து பேசறேன். நீங்க எடுத்த புக்குல...”

“என்னது? கேட்கலைங்க!”

விதி, திங்கட்கிழமை, பிரமாணப் பத்திரம் எல்லாம் ஒரு பக்கம் நின்றன. போனைத் தம்பியின் கையில் திணித்தாள். அந்தச் சீறல் காதில் பட்டதுமே அவன் முகம் மாறியது. வாழ்நாளில் முதல் முறையாக அவசரமாகப் பேசினான்.

“சிவப்பு ஹோஸ்! அசிட்டிலீன் சிலிண்டர் வால்வை மூடும்மா. தீப்பெட்டியைத் தொடாதே. மூடு முதல்ல!”

“யாருங்க நீங்க?”

அவன் அக்காவைப் பார்த்தான்.

“அந்தப் பக்கத்தை எழுதினவன்” என்றான்.

மறுமுனையில் பதில் இல்லை. சீறல் நிற்கவில்லை.